வயிற்றுக் காயமும் குடலின் செயலிழப்பும்

(வெள்ளி விழாவின் இரண்டாம் நாள், பெற்றோர் அரங்கில் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)

கழகச் செயலாளர் அவர்கள் நம்மிடம் வந்து, கல்வியின் சிறப்பைப் பற்றி அரை மணி நேரம் பேச வேண்டும் என்று கேட்டார்கள். அச்சிறப்பை நேற்றுப் பேசியவர்கள் குறைவின்றிப் பேசிவிட்டார்கள். 25 ஆண்டுகளாக இரவுப் பள்ளி நடத்திவரும் ஒரு கழகத்தின் மேடையில் அதனை மீண்டும் எடுத்துரைப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். ஆகவே வேறொரு பொருளை நாமே கேட்டுப் பெற்றோம். வயிற்றில் அடிபட்டுக் குடல் பழுதாகி, உண்ட உணவு உடலிற் சேராமற் போகும் நிலை எவ்வாறு வருகிறது, அந்நிலையில் உயிரைக் காக்க மனிதர் கண்ட வழி யாது என்பதே அப்பொருள். நாம் மருத்துவர் அல்லோம், பி.ஏ., பி.எட். பயின்று வரலாறு கற்பித்து வருபவர். இப்பொருளை நாம் தேடிக் கற்றதற்குக் காரணம் நம்முடைய பிழை ஒன்று. அதனை முதலிற் சொல்லிவிடுகிறோம்.

2011ஆம் ஆண்டில் நாம் ஒன்பதாம் வகுப்பின் வகுப்பாசிரியராக இருந்தோம். நம் வகுப்பு மாணவன் ஒருவன், விவசாயக் கூலி வேலை செய்யும் குடும்பத்துப் பிள்ளை, ஒரு நாள் மாலை தன் அண்ணனுக்கு அரசு கொடுத்த இலவச சைக்கிளில் புல்லுக்கட்டை ஏற்றிக்கொண்டு வாய்க்கால் கரைமேல் வந்தான். சக்கரம் சறுக்கி விழுந்தான். ஹேண்டில்பாரின் முனை தொப்புளுக்கு மேலே குத்திற்று. இரத்தம் சிந்தவில்லை, தோலும் கிழியவில்லை. ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்த வட்டம் ஒன்று மட்டும் தெரிந்தது. சைக்கிள் கோணியதற்கு அண்ணன் அடிப்பானே என்று அஞ்சி வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை பள்ளிக்கு வந்தான். "சார், வயிறு வலிக்குது" என்றான். அன்று கணக்குத் தேர்வு. "கணக்குப் பரீட்சை என்றால் வயிறு வலிக்கத்தான் செய்யும்" என்றோம். வகுப்பு சிரித்தது, நாமும் சிரித்தோம். அவன் பெஞ்சில் குனிந்தவாறு அமர்ந்திருந்தான். மூன்றாம் பாடவேளையில் பச்சையாக வாந்தி எடுத்தான். அதன் பிறகே இரண்டு பிள்ளைகளைத் துணைசேர்த்து வீட்டுக்கு அனுப்பினோம். அவ்வாறு அனுப்பியதையே பெருங்கருணையாகவும் எண்ணிக்கொண்டோம். வீட்டில் பாட்டி குடலேற்றம் என்று சொல்லி எண்ணெய் தடவி வயிற்றை நீவினார். ஓமத் தண்ணீர் கொடுத்தார். அந்த அம்மையாரிடம் குற்றம் காண நமக்கு உரிமையில்லை. அவருக்கு எழுத்து வாசனை கிடையாது. நமக்கோ இரண்டு பட்டங்கள். இரவில் வயிறு பலகைபோல் இறுகியது. மூன்றாம் நாள் விடியற்காலையில் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள். அடிபட்டதிலிருந்து 36 மணி நேரம் கழிந்திருந்தது.

செய்தி கேட்டு நாமும் ஓடினோம். அறுவைக் கூடத்தின் வாயிலில் தந்தை நின்றுகொண்டிருந்தார். கையில் ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒப்புதல் தாள், பக்கத்தில் மைப்பெட்டி. நம்மைக் கண்டதும் அவர் முகம் தெளிந்தது. தாளை நம்மிடம் நீட்டினார். உரக்க வாசித்தோம். ரிசெக்ஷன் என்று ஒரு சொல், அனஸ்டமோசிஸ் என்று மற்றொன்று. எழுத்துக் கூட்ட முடிந்ததேயன்றி, அவற்றின் பொருள் நமக்கு விளங்கவில்லை. "நீங்க படிச்சிட்டீங்கல்ல சார், அது போதும்" என்று சொல்லி அவர் பெருவிரலை அழுத்தினார். முதற்சொல்லுக்கு வெட்டியெடுத்தல் என்பதும், இரண்டாவதற்கு வெட்டிய முனைகளை இணைத்துத் தைத்தல் என்பதும் பொருள். இதனை நாம் அறிந்துகொண்டது ஒரு வாரம் கழித்துத்தான்.

நடந்தது என்னவென்று அறுவை மருத்துவர் பின்னர்ப் பொறுமையாக விளக்கினார். குத்திய முனைக்கும் முதுகெலும்புக்கும் இடையே குடல் நசுங்கியது. சிறுகுடல் வயிற்றுக்குள் தனியே கிடப்பதன்று. விசிறிபோல் விரிந்த ஒரு சவ்வு அதனைப் பின்சுவரோடு பிடித்து வைத்திருக்கிறது. குடலுக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய்கள் அச்சவ்வின் வழியாகவே செல்கின்றன. அச்சவ்வு கிழிந்தது. கிழிந்த துளையினூடே குடல் புகுந்து முறுக்கிக்கொண்டது. இரத்தம் எட்டாத பகுதி ஒரு நாளிற் கறுத்து அழுகிற்று. முதல்நாள் இரவே கொண்டுவந்திருந்தால் ஒன்றிரண்டு சாண் அளவே வெட்ட நேர்ந்திருக்கும் என்றார் அவர். அதைக் கேட்டபோது நம் செவியில் வகுப்பின் சிரிப்பே ஒலித்தது.

எண்சாண் உடம்பு என்பது நம்மவர் வழக்கு. அவ்வெண்சாண் உடம்புக்குள், வளர்ந்த மனிதருக்குச் சிறுகுடல் மட்டும் ஏறத்தாழ 6 மீட்டர், அதாவது 25 சாண் நீளம் சுருண்டு கிடக்கிறது. ஆளுக்கு ஆள் இது 3 மீட்டர் முதல் 8 மீட்டர் வரை வேறுபடும். அதன் உட்சுவர் முழுவதும் வெல்வெட்டுத் துணிபோல் நுண்ணிய உறிஞ்சிகள் அடர்ந்துள்ளன. நாள்தோறும் நாம் குடிக்கும் நீரும், உமிழ்நீர், இரைப்பைநீர், பித்தம், கணையநீர் முதலியனவும் சேர்ந்து 8, 9 லிட்டர் திரவம் குடலுக்குள் வருகிறது. அதில் ஏறத்தாழ முழுவதையும் குடல் திரும்ப உடலுக்கு அளித்துவிடுகிறது. மலத்தோடு வெளியேறுவது 100, 200 மில்லி லிட்டரே. குடல் பெரும்பகுதி போய்விட்டால் உண்டதும் குடித்தது மட்டுமல்லாமல், உடல் சுரந்ததும் சேர்ந்து ஓடிவிடும். எஞ்சிய சிறுகுடல் 2 மீட்டருக்குக் குறைந்தால் அதனைக் குறுங்குடல் நிலை என்பர். எஞ்சியது கொண்டு உடலைத் தாங்கவே இயலாத நிலைதான் குடலின் செயலிழப்பு. இதயம் செயலிழத்தல், சிறுநீரகம் செயலிழத்தல் என்பவற்றை நாம் நன்கறிவோம். குடலுக்கும் அத்தகைய நிலை உண்டு என்று ஃபிளெமிங், ரெமிங்டன் என்னும் இருவர் வரையறுத்து எழுதியது 1981இல்தான்.

நம் மாணவனுக்கு எஞ்சியது 90 சென்டிமீட்டர், நான்கு சாண். அதனைப் பெருங்குடலோடு இணைத்துத் தைத்தார்கள்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். மருத்துவமனைக்குச் சென்றால், "ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏத்துங்க, தெம்பு வரும்" என்று கேட்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. 500 மில்லி லிட்டர் புட்டியில் உள்ள சாதாரணக் குளுக்கோஸ் நீர் நூற்றுக்கு ஐந்து பங்கு கரைசல். அதில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. அதனால் கிடைக்கும் ஆற்றல் 100 கலோரிக்கும் குறைவு. இரண்டு இட்லிக்கு மேல் தேறாது. ஒரு நாள் உணவுக்கு இத்தகைய புட்டிகள் இருபதுக்கு மேல் வேண்டும். அவ்வளவு நீரை உடம்பு தாங்காது. கரைசலைக் கெட்டியாக்கினாலோ கையிலுள்ள சிறு சிரை வெந்து அடைபட்டுப் போகும். ஆகவே குடலிழந்தவர்களை வாய்வழியும் ஊட்ட முடியாமல், சிரைவழியும் ஊட்ட முடியாமல், அறுவை வெற்றி பெற்றும் பட்டினியால் சாக விட்டனர். 1960கள் வரை உலகெங்கும் இதுவே நிலை.

அதற்கு முன் என்ன செய்தார்கள் என்று தேடியபோதுதான் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்பவரின் வரலாறு நமக்குக் கிடைத்தது. அது இரைப்பையிற் பட்ட காயமேயன்றிக் குடற்காயம் அன்று. ஆயினும் உண்டது உடலிற் சேராமல் ஒருவர் கிடந்ததும், அவரை வேறு வழியில் ஊட்ட முயன்றதும் அதில் உண்டு. அவர் கனடா நாட்டுப் பிரெஞ்சு மொழி பேசும் ஏழை இளைஞர். மென்மயிர்த் தோல் வணிகக் கம்பெனிக்காகப் படகு வலித்துச் சுமை தூக்கியவர். 1822ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள், அமெரிக்காவின் மாக்கினா தீவில் கம்பெனிக் கடைக்குள் யாரோ வைத்திருந்த துப்பாக்கி தவறி வெடித்து, மிக அருகில் நின்ற அவருடைய இடப்பக்க வயிற்றின் மேற்பகுதியைக் கிழித்தது. அங்கிருந்த கோட்டையின் படை மருத்துவர் வில்லியம் போமான்ட் ஓடிவந்தார். (இவரும் மருத்துவம் கற்பதற்குமுன் சில ஆண்டுகள் நம்மைப்போல் பள்ளியாசிரியராக இருந்தவரே.) காயத்தின் வழியே காலையில் உண்ட உணவு வெளியே வந்துகொண்டிருந்தது. பிழைக்கமாட்டார் என்றே மருத்துவர் எண்ணினார். 17 நாட்கள் வரை விழுங்கியதெல்லாம் காயத்தின் வழியே வெளியேறிற்று. அந்நாட்களில் ஆசனவாய் வழியாக ஊட்டப் பொருள்களைச் செலுத்தித்தான் அவரைக் காத்தார்கள்.

அவர் பிழைத்தார். ஆனால் துளை மூடவில்லை. விரல் நுழையுமளவு துளை இரைப்பைக்கும் வெளியுலகுக்கும் இடையே நிலைத்துவிட்டது. 1825 முதல் போமான்ட் அத்துளையின் வழியே பட்டு நூலிற் கட்டிய இறைச்சித் துண்டு, ரொட்டித் துண்டு, முட்டைக்கோசு ஆகியவற்றை இறக்கி, வேளைக்கு வேளை வெளியே இழுத்து, எது எவ்வளவு கரைந்தது என்று குறித்துக்கொண்டார். இரைப்பைநீரை எடுத்துக் குப்பியில் ஊற்றிச் சூடாக வைத்தால் அங்கேயும் இறைச்சி கரைகிறது என்று கண்டார். சினம் வந்தால் செரிமானம் தடைப்படுவதையும் கண்டார். அச்சினத்திற்குக் காரணம் பெரும்பாலும் அச்சோதனைகளேயாக இருந்திருக்கலாம் என்பது நம் ஊகம். இருநூறுக்கும் மேற்பட்ட சோதனைகள். 1833இல் நூலாக வெளிவந்தன. செரிமானத்தைப் பற்றி இன்று நம் பிள்ளைகள் பாடநூலிற் படிப்பவற்றுள் பல அவ்வேழையின் வயிற்றிலிருந்து எடுக்கப்பட்டவை.

1832இல் இருவரும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். உணவும் உறைவிடமும் போக ஆண்டுக்கு 150 டாலர். அதற்கு ஈடாக மருத்துவர் வேண்டும் சோதனைகளுக்கெல்லாம் உடலைத் தர வேண்டும். அலெக்சிஸுக்கு எழுதத் தெரியாது. அவர் பெயருக்கு எதிரே பெருக்கற்குறிபோல் ஒரு கோடு கிழித்தார். அப்பகுதியைப் படித்தபோது நாம் நூலை மூடி வைத்துவிட்டு நெடுநேரம் அமர்ந்திருந்தோம். போமான்டைக் கொடியவர் என்று சொல்ல மனம் வரவில்லை. அவ்வூர் நிர்வாகம் அந்நோயாளியைக் காக்க மறுத்தபோது தம் வீட்டில் வைத்துப் பேணியவர் அவர். ஆயினும் கைந்நாட்டு கைந்நாட்டுத்தானே! அலெக்சிஸ் பலமுறை சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டார், மணம் செய்துகொண்டார், பிள்ளைகள் பெற்றார். 1853இல் இறந்த மருத்துவருக்குப் பின்னும் 27 ஆண்டுகள் வாழ்ந்து 1880இல் இறந்தார். மருத்துவர்கள் அவருடைய இரைப்பையைக் கேட்டு வந்தனர். குடும்பத்தார் மறுத்தனர், வெயிற்காலத்தில் உடலைச் சில நாட்கள் வைத்திருந்து, அழுகவிட்டு, 8 அடி ஆழத்திற் புதைத்தனர். அக்குழியின் ஆழத்தை நாம் பலகாலும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

சிரைவழி முழு உணவு ஊட்டும் வழி கண்டவர்களுள் இருவரைச் சொல்வோம். சுவீடன் நாட்டு ஆர்விட் ரெட்லிண்ட் 1960களின் தொடக்கத்தில் சோயா எண்ணெயையும் முட்டைக் கருவிலிருந்து எடுத்த லெசித்தினையும் கொண்டு, சிரையில் செலுத்தக்கூடிய பால் போன்ற கொழுப்புக் கரைசலை ஆக்கினார். அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்க ஊர் ஒன்றில் 1935இல் பிறந்த ஸ்டான்லி டட்ரிக், சுரங்கத் தொழிலாளர்களிடையே வளர்ந்து மருத்துவரானவர். கெட்டியான கரைசலைக் கைச்சிரையில் ஏற்றினால்தானே வேகிறது. இதயத்தின் வாயிலில் உள்ள பெருஞ்சிரைக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தினால், அங்கே பாயும் இரத்தம் நொடியில் அதனைக் கலந்து நீர்த்துவிடும் அன்றோ? ஆசிரியர் ஜோனதன் ரோட்ஸின் வழிகாட்டலில் பீகிள் நாய்க்குட்டிகளுக்கு இவ்வாறு சிரைவழியாகவே முழு உணவும் ஊட்டினார். வாய்வழி உண்ட உடன்பிறப்புகளுக்கு ஈடாக அவையும் வளர்ந்தன. ஒன்றை 256 நாட்கள் வரை அவ்வாறு வளர்த்தார். 1967இல் பிலடெல்பியாவில், பிறவியிலேயே சிறுகுடல் அநேகமாக இல்லாத பெண் குழந்தை ஒன்று சிரை உணவு கொண்டே எடை கூடி, தலை நிமிர்ந்து வளர்ந்தது. வாய்வழி ஒரு பருக்கை உண்ணாமல் மனித உயிர் வளரும் என்பது அன்றுதான் உறுதியாயிற்று.

நம் மாணவனின் கழுத்தருகே செருகியதும் அத்தகைய குழாய்தான். தொங்கிய பை வெள்ளையாக இருந்தது. பாட்டி அதனை வெகுநேரம் பார்த்துவிட்டு, "நரம்புல பால் ஏத்துறாங்களா?" என்று கேட்டார். நம்மவர் நரம்பு என்பது சிரையைத்தான். பாட்டியின் கேள்வி உண்மைக்கு வெகுதொலைவில் இல்லை. சர்க்கரை, புரதக்கூறு, கொழுப்பு, உப்பு, வைட்டமின் எல்லாம் அப்பையில் இருந்தன. ஆனால் அவ்வழியில் இடர் மிகுதி. குழாயின் வழியே கிருமி புகுந்தால் நேராக இரத்தத்திற் கலந்துவிடும். இருமுறை அவ்வாறு குளிர்காய்ச்சல் கண்டு பையன் நடுங்கினான். இருமுறையும் குழாயை மாற்றினார்கள். நெடுங்காலம் தொடர்ந்தால் கல்லீரலும் பழுதாகலாம். மேனாடுகளில் 1970கள் முதல் வீட்டிலேயே இரவில் இப்பையை ஏற்றிக்கொண்டு பகலில் வேலைக்குச் செல்வோர் உளர். நம் நாட்டில் அதன் செலவு ஏழைக் குடும்பம் தாங்கக் கூடியதன்று. குடல் மாற்று அறுவை இந்தியாவிலும் நடைபெறுகிறது; சென்னையிலும் நடந்துள்ளது. ஆயினும் சிறுநீரக மாற்றைப்போல் அது பெருகவில்லை. குடலில் எதிர்ப்பணுக்களும் கிருமிகளும் மிகுதியாதலின், மாற்றிய குடலை உடல் ஏற்கச் செய்வது கடினம்.

அப்பையனைக் காத்தது எஞ்சிய நான்கு சாண் குடலும், அதனோடு இணைந்த பெருங்குடலுமே. இஃது இயற்கையின் வியப்பு. குடலின் ஒரு பகுதி போனால் எஞ்சிய பகுதி விரிந்து, அதன் உறிஞ்சிகள் நீண்டு, போனதன் வேலையையும் ஏற்க முயல்கிறது. இது நிறைவேற ஓராண்டு, ஈராண்டு ஆகும். அது நிகழ வேண்டுமாயின் குடலுக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பட்டினி போட்ட குடல் சுருங்கிவிடும். ஆகவே சிரை உணவு நடக்கும்போதே வாய்வழியும் சிறிது சிறிதாகக் கஞ்சி கொடுத்தார்கள். ஒரு நாளைக்கு எட்டு வேளை. வெறும் தண்ணீரை அளவின்றிக் குடித்தால் அது உடம்பின் உப்பையும் இழுத்துக்கொண்டு ஓடும் என்பதால், உப்பும் குளுக்கோஸும் அளவோடு கலந்த கரைசலை மிடறு மிடறாகக் குடிக்கச் சொன்னார்கள். சிறுகுடல் விட்டுவிட்ட மாவுச்சத்தைப் பெருங்குடலிலுள்ள நுண்ணுயிர்கள் புளிக்கவைத்து ஆற்றலாக மாற்றித் தருமாம். எனவே நம் எளிய சோறும் அவனுக்கு மருந்தாயிற்று. சிறுகுடலின் கடைப்பகுதி செய்யும் ஒரு வேலையை மட்டும் வேறெப்பகுதியும் கற்றுக்கொள்வதில்லை. அது வைட்டமின் பி12 உறிஞ்சுதல். அதற்கு வாழ்நாள் முழுதும் ஊசி. சிறுநீரகத்தில் கல் சேர இடமுண்டு என்பதால் பசலைக்கீரைக்கும் வேர்க்கடலைக்கும் தடை. வேர்க்கடலைதான் அவனுக்குப் பெருந்துயரம்.

நான்கு மாதம் மருத்துவமனையில் இருந்தான். பையை நிறுத்திய நாளில் அவன் எடை 26 கிலோ. ஓராண்டு படிப்பு போயிற்று. மறு ஆண்டு மீண்டும் ஒன்பதாம் வகுப்பிலேயே வந்து அமர்ந்தான். பாடவேளைக்கு இருமுறை எழுந்து போவான். பிள்ளைகள் யாரும் சிரிக்காதவாறு பார்த்துக்கொண்டோம். அது நம்மால் அப்போது செய்ய முடிந்த சிறு பணி.

தாய்மார்களே, பனையேறுவதும், கிணறு தோண்டுவதும், மாடு பிடிப்பதும், டிராக்டரில் தொற்றிக்கொண்டு செல்வதும் நம் குடும்பங்களின் அன்றாடம். மாட்டுக்கொம்பு வயிற்றைக் கிழித்துக் குடல் வெளியே தெரிந்தால் எவரும் அஞ்சி ஓடுவர். அப்போது குடலை உள்ளே தள்ளாமல், தூய துணியைச் சுத்தமான நீரில் நனைத்து மூடிக் கொண்டுசெல்லுங்கள். குத்திய பொருள் நிற்குமாயின் பிடுங்காதீர்கள். வெளியே ஒன்றும் தெரியாத அடியில்தான் நாம் ஏமாறுகிறோம். அடிபட்டபின் வயிற்று வலி குறையாமல் கூடிக்கொண்டே போவது, வயிறு இறுகுவது, பச்சை வாந்தி, தோள்பட்டை உச்சியில் காரணமில்லா வலி, காற்றும் பிரியாமை, நாடி விரைதல் ஆகிய இவற்றுள் ஒன்று கண்டாலும் நீவுவதும் தட்டுவதும் வேண்டா. கசாயம், சோடா, ஓமத் தண்ணீர் எதுவும் வாயில் ஊற்ற வேண்டா. 108 வண்டி 2008 முதல் நம் மாநிலத்தில் ஓடுகிறது, அதனை அழையுங்கள். மருத்துவமனையில் தாள் நீட்டினால், "இதில் என்ன எழுதியிருக்கிறது, என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று தமிழிற் கேளுங்கள். உடன் வந்தவர் படித்தவர் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். நம்மைப் போன்றவராகவும் அவர் இருக்கக்கூடும். ஆசிரிய நண்பர்களுக்கும் ஒன்று: தேர்வு நாளில் வயிற்றுவலி என்று வரும் பிள்ளையிடம், நேற்று எங்கேனும் விழுந்தாயா என்று கேட்க அரை நிமிடம் போதும்.

அம்மாணவர் இன்று இவ்வரங்கின் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார். இந்நிகழ்ச்சியைச் சொல்லலாமா என்று சென்ற மாதமே அவரிடம் கேட்டோம். பெயர் வேண்டாம், மற்றதைச் சொல்லுங்கள் என்றார். எழுதி முடித்ததும் இவ்வுரையை அவரிடமே கொடுத்தோம். படித்துவிட்டு ஓரிடத்தில் மட்டும் பென்சிலாற் கோடிட்டுத் திருப்பித் தந்தார். வகுப்பு சிரித்தது என்று மட்டும் நாம் எழுதியிருந்தோம். "நீங்களும் சிரிச்சீங்க சார்" என்றார். அதனைச் சேர்த்த பிறகே இங்கு வந்தோம்.